அறுபது வாத்துச் சோப்புகள்

நாத்தனார் வந்து இறங்கிய அன்றே சண்டை தொடங்கிவிட்டது. பெட்டியைக் கூடத்தில் வைத்தார், செருப்பைக் கழற்றினார், மூக்கைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் இது? எங்கயாவது எலி செத்துக் கிடக்கா?"

"வேப்பிலை அண்ணி. சோப்புக்காகக் காய்ச்சறேன்."

"முப்பத்தோரு வருஷம் தோல் வார்டுல நர்ஸா இருந்தவ நான். அங்ககூட இப்படி நாறினதில்ல."

அவருடைய வீட்டில் தரைக்கு அடியில் ஓடிய குழாய் வெடித்துத் தரை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பத்து நாளில் சரியாகிவிடும் என்று தம்பி வீட்டுக்கு வந்தார். அது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. சமையலறையின் பாதி ஏற்கெனவே தம்பி மனைவியின் தொழிலுக்குப் போயிருந்தது. பாசிப்பயறு, ரோஜா இதழ் அரைத்த குளியல் பொடி, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெய், பலகை பலகையாகக் காயும் சோப்பு. நான்கு வருடமாக இதைச் செய்கிறாள். கீழே தையல்கடையில் ஒரு தட்டில் வைத்து விற்பாள். கடையில் மிஞ்சும் துணித்துண்டுகளை வாங்கிவந்து, சோப்புக்குச் சின்னச் சின்னப் பைகள் அவளே தைப்பாள். நாத்தனார் வந்த மூன்றாம் நாளே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். தம்பியிடம், "உன் சோப்புக்காரி எங்கடா?" என்று கேட்டார். அவள் காதில் விழும்படிதான் கேட்டார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் வேலை. வீட்டில் அவனை எடுத்துவிட ஆளில்லை. அக்கா ஏதாவது சொன்னால் "சரிதான்" என்பான். மனைவி ஏதாவது சொன்னாலும் "சரிதான்" என்பான்.

சோப்பு உறையில் 'ரசாயனம் இல்லாதது' என்று அச்சடித்திருந்தது. நாத்தனார் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார்.

"காஸ்டிக் சோடா போட்டுத்தானே பண்ற?"

"ஆமா."

"அது என்ன, மல்லிப்பூவா?"

"எண்ணெயோட கலந்ததும் அது சோப்பா மாறிடும் அண்ணி. மிச்சம் நிக்காது."

"நின்னா?"

"நிக்காது."

"நின்னா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன்" என்றார் நாத்தனார். வீட்டில் தயாரித்த தலைச்சாயம் பூசி, நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை வெந்துபோய் வார்டுக்கு வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னார். கதை உண்மைதான். ஆனால் அதை அவர் சாப்பிடும்போது சொன்னார், மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னார், கடைசியில் தையல்கடையில் நாலு பேர் நிற்கும்போது அந்தத் தட்டைக் காட்டிச் சொன்னார். அந்த வாரம் தட்டில் ஒரு சோப்பும் நகரவில்லை.

சோப்புக்காரியும் சும்மா இருக்கவில்லை. நாத்தனாருக்குக் காப்பியை ஆறவைத்துக் கொடுத்தாள். அவர் தொலைக்காட்சி பார்க்க உட்கார்ந்தால் மிக்ஸியில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் போட்டு ஓடவிட்டாள். நாத்தனார் கடைக்குப் போய் வாசனை ஊரைத் தூக்கும் ஒரு சோப்பை வாங்கிவந்து குளியலறையில் அவள் சோப்புக்கு மேல் தட்டில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். எதை எடுத்தாலும் வம்பு என்று தம்பி வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனான்.

பத்து நாள் ஒரு மாதமானது. அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. இரண்டு தெரு தள்ளி, வேலைக்குப் போகிறவர்கள் பகலில் குழந்தைகளை விட்டுச்செல்லும் காப்பகம் ஒன்று இருந்தது. அதை நடத்தும் அம்மா, குழந்தைகள் கைகழுவ அறுபது சின்னச் சோப்பு கேட்டார். வாத்து வடிவத்தில் இருந்தால் குழந்தைகள் ஆசையாகக் கழுவுவார்கள் என்றார். சோப்புக்காரி அச்சு வாங்கினாள். மஞ்சள் துணியில், இரண்டு கூடுதலாகவே இருக்கட்டும் என்று அறுபத்திரண்டு பைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்துக் குஞ்சைக் கைத்தையலாகப் போட்டாள். பத்து நாள் மாலையெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்தாள். எதிரே நாத்தனார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்பு ஊற்றிய அன்று தேங்காய் எண்ணெய் போதவில்லை. பாதிதான் இருந்தது. மீதிக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டாள். அதில் தவறில்லை. ஆனால் காஸ்டிக் சோடா ஒரு காரம். தேங்காய் எண்ணெய் அந்தக் காரத்தை அதிகம் குடிக்கும், நல்லெண்ணெய் குறைவாகக் குடிக்கும். எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடாவையும் குறைக்க வேண்டும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுவாள். அன்று நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையுறை போட்டுக்கிட்டு, ஆபரேஷன் பண்றவ மாதிரி இருக்க. படிச்சவங்க பண்ற வேலைய படிக்காதவங்க பண்ணா இப்படித்தான் வேஷம் போடணும்."

"உங்க வேலைய நான் கேட்டேனா?"

"என் தம்பி வீட்டு அடுப்புல விஷத்தக் கரைக்கற. கேக்கக்கூடாதா?"

"உங்க தம்பி வீடு இல்ல, என் வீடு! உங்க வீடுதான் ரெடியாயிடுச்சாமே, அங்க போய்க் கேளுங்க!"

குழாய் வேலை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீடு சரியான செய்தியை நாத்தனார் யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்கு வந்த தொலைபேசியில்தான் அது தெரிந்தது. நாத்தனாரின் முகம் சிவந்தது. அவர் பேச, இவள் பேச, அந்தப் பேச்சுக்கு நடுவே கை பழக்கத்தில் பழைய அளவையே நிறுத்துக் கொட்டிவிட்டது.

அதன் பிறகும் பிடித்திருக்கலாம். காய்ந்த சோப்பை நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். காரம் மிச்சமிருந்தால் நாக்கில் சுரீரென்று அடிக்கும். ஆனால் முந்தின தடவை அவள் அப்படிச் செய்ததைப் பார்த்துவிட்டு நாத்தனார் வயிறு குலுங்கச் சிரித்திருந்தார். "சோப்ப நக்கற பொண்ண இப்பத்தான் பார்க்கறேன்" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதனால் இந்தத் தடவை அவள் தொட்டுப் பார்க்கவில்லை. சோப்பு ஐந்து வாரம் காய்ந்தது. வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகும் நாத்தனார் அந்த ஐந்து வாரமும் அசையவில்லை. பதினான்காம் தேதி காலை, கூடுதலாக ஊற்றிய ஒன்றிரண்டைப் பலகையில் விட்டுவிட்டு, அறுபது வாத்துகளைப் பைகளில் போட்டு எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்தொன்பதாம் தேதி காப்பகத்து அம்மாவின் தொலைபேசி வந்தது. குரலே சரியில்லை.

"பதினோரு பிள்ளைங்களுக்குக் கை செவந்து வெடிச்சிருக்குங்க. ஒரு குட்டிப்பொண்ணு நுரைக் கையோட கண்ணத் தேச்சுடுச்சு. டாக்டர்கிட்ட ஓடினோம். கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. ஆனா அவங்கப்பா ஆடறாரு. நீங்க என்னதான் போட்டீங்க அதுல?"

அவள் பலகையில் எஞ்சியிருந்த ஒரு வாத்தை எடுத்து நாக்கில் வைத்தாள். மின்சாரம் பாய்ந்ததுபோல் அடித்தது. நோட்டை எடுத்துப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

நாத்தனார் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் வந்த குரல் அவருக்கும் கேட்டிருந்தது. கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

நாத்தனார் எழுந்து போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்துவந்து மேசைமேல் விரித்தார். அதில் காரம் பார்க்கும் காகிதக் கீற்று ஒன்று ஒட்டியிருந்தது. கரு ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்தில் நர்ஸின் சுத்தமான கையெழுத்தில் தேதி. பன்னிரண்டு.

"நல்ல சோப்புக்கு இவ்வளவு கருக்காது. சந்தேகமா இருந்தது, ஒண்ண ஒரசிப் பார்த்தேன்."

"பன்னெண்டாம் தேதி. நான் குடுத்தது பதினாலு."

நாத்தனார் மறுபடி உட்கார்ந்து பட்டாணியைக் கையில் எடுத்தார்.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"நான் சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன். எரிஞ்சு விழுந்திருப்பேன். ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

"யாராவது ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்து உன் மூஞ்சில எறியணும். அப்பதான் புத்தி வரும்னு நெனச்சேன். குழந்தைங்களுக்குப் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சோப்புக்காரி எழுந்தாள். மிச்சமிருந்த ஒரு மஞ்சள் பையை எடுத்து அவர் முன்னால் போட்டாள். வாத்துக் குஞ்சு மேலே பார்த்துக் கிடந்தது. "பத்து நாள் உங்க எதிர்லதான் தெச்சேன். இது யாருக்குன்னு நெனச்சீங்க? கெழவங்களுக்கா?"

நாத்தனாரின் விரல்கள் பட்டாணித் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லாத தோல்.

சாயங்காலம் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரத்துக்கு அவள் காப்பகத்துக்குக் கிளம்பினாள். படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் கைப்பையோடு வந்தார். வா என்று அவளும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு தெருவும் பத்தடி இடைவெளியில் நடந்தார்கள்.

காப்பகத்தின் கூடத்தில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அவள் நடுவே போய் நின்று, எண்ணெய் மாற்றியதையும் காரத்தைக் குறைக்க மறந்ததையும் சொன்னாள். "தப்பு முழுக்க என்னோடது. ஒரு சோப்பு விடாம நானே திரும்ப எடுத்துக்கறேன்" என்றாள். கண்ணைத் தேய்த்துக்கொண்ட குழந்தையின் அப்பா அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"சமையல்கட்டுல விளையாடறதுக்கு எங்க புள்ளைங்கதான் கெடச்சாங்களா? கண்ணு போயிருந்தா நீ குடுப்பியா?"

அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அழுதுவிடுவாள்.

இதற்குள் நாத்தனார், குழந்தைகள் சாப்பிடும் குட்டை மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு, உள்ளங்கையைத் திருப்பி, விரலிடுக்கை விரித்துப் பார்த்தார். "வெறும் தண்ணில கழுவுங்க. வாசனை இல்லாத வாஸ்லின் தடவுங்க. நீர் கோத்துக்கிச்சுன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க" என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சலிக்காமல் சொன்னார். வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. குழந்தைகள் தாமாகவே கையை நீட்டின.

ஒரு அம்மா கேட்டாள். "நீங்க இவங்க வீட்டுலதான் இருக்கீங்களாமே. நர்ஸுங்கறீங்க. முன்னாடியே பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நாத்தனார் குழந்தையின் கையை விடாமல், "நான் விருந்தாளிம்மா. எனக்கென்ன தெரியும்" என்றார்.

சோப்புக்காரி வாயைத் திறக்கவில்லை. டைரியின் அந்தப் பக்கம் அவள் இடுப்புப் பையில் மடித்துக் கிடந்தது. கிளம்பும்போது கிழித்து எடுத்து வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் இடைவெளி பத்தடியிலிருந்து இரண்டடியானது.

"சொல்லியிருக்கலாமே" என்றார் நாத்தனார், தெருவைப் பார்த்தபடி. "ஏன் சொல்லல?"

"நாலு பேர் முன்னாடி சொன்னா அதோட தீர்ந்துடும். தீர வேண்டாம்னுதான் வெச்சிருக்கேன். இனிமே நீங்க வாயத் தொறக்கறப்பல்லாம் எடுத்துக் காட்டுவேன்."

நாத்தனார் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் என்ன மாதிரிதான்" என்றார். அது பாராட்டு இல்லை. அவளுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நாத்தனார் வெளியே போய்விட்டு ஒரு மணிநேரத்தில் வந்தார். வந்ததும் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் காப்பகத்து அம்மாவின் தொலைபேசி.

"உங்க நாத்தனார் வந்திருந்தாங்க. நீங்க சோப்பு குடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தனக்குத் தெரியும், வேணும்னேதான் சொல்லலன்னாங்க. எல்லா அப்பா அம்மாகிட்டயும் சொல்லிடுங்கன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க ரெண்டு பேரும் என்ன மனுஷங்க?"

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பழியில் பாதி இறங்கிவிட்டது. ஆனால் வந்தது ஆத்திரம்தான். கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் அந்த மனுஷி தட்டிப் பறித்துவிட்டார், அதுவும் நல்லவராகி. இடுப்புப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துச் சுக்கு நூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினான். "ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க, சரி, ஆனா அந்தப் புள்ளைங்க என்னடி பண்ணுச்சு, என்னக்கா பண்ணுச்சு?" பெட்டியோடு படி இறங்கினான்.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டார். "போறேன்" என்றார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

"சரி" என்றாள் அவள். போய்வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

அடுத்த நான்கு நாளும் வீடு வீடாகப் போய் சோப்பு சேகரித்தாள். பல பிள்ளைகள் வாத்தை வீட்டுக்கே எடுத்துப் போயிருந்தன. ஐம்பத்தெட்டு கிடைத்தது. மற்ற இரண்டையும் குழந்தைகள் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சிலர் கதவைத் திறந்து பையைத் தரையில் போட்டுவிட்டு மூடினார்கள். பதினோரு பேரின் கையும் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. காப்பகம் அவளிடம் மறுபடி எதுவும் வாங்கவில்லை. அந்த அப்பா இன்றும் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

மூன்று மாதம் அவள் தராசைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, நோட்டை எடுத்து எண்ணெய் அளவையும் கார அளவையும் மூன்று தரம் கணக்குப் போட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் தட்டு சோப்பு ஊற்றினாள். உறைக்குப் புதிதாக அச்சடிக்கக் கொடுத்தபோது 'ரசாயனம் இல்லாதது' என்ற வரியை எடுத்துவிடச் சொன்னாள். அச்சகத்துக்காரர் ஏன் என்று கேட்டார்.

"அது பொய்" என்றாள். அதை முதலில் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.