மாடி அறையில் இன்பசேகரன்

காலைக் காப்பியைப் பாதி குடித்திருந்தபோதே இன்பசேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. மனைவி ஹெப்சிபா டீச்சர் உடலோடு ஆனையூர் வீட்டுக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் கண்மாய்க் கரை உடைந்து தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் போய், உடலை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் இரைச்சலும் நின்றது.

கூடத்தில் தண்ணீர் ஏறவும், எதிர்வீட்டுக் கண்ணுச்சாமி ஆள் சேர்த்து அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மாடி அறைக் கட்டிலில் கிடத்தினார். ஹெப்சிபா பின்னாலேயே படியேறினாள். அழுகை வரவில்லை. யார் வீட்டிலோ நடப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அந்தத் தெருவில் மாடி இருந்தது அவள் வீட்டுக்கு மட்டும்தான். சாயங்காலம் கண்ணுச்சாமியின் மனைவி சோலையம்மாள் பிள்ளைகளோடு படியில் வந்து நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள், சொட்டச் சொட்ட நனைந்து.

“கேக்கவே வாய் வரல டீச்சர். துக்க வீட்டுல...”

“உள்ள வாங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

வந்தவர்கள் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்கள். ஹெப்சிபா கீழேயிருந்து அடுப்பையும் சிலிண்டரையும் கொண்டுவரச் சொன்னாள்.

“எழவு வீட்டுல அடுப்பு பத்த வைக்கக் கூடாதே,” என்றாள் சோலையம்மாள்.

“பிள்ளைக பசியா இருக்குல்ல.”

கஞ்சி கொதித்தது. எதற்கோ சிரித்த சின்ன மகளுக்குச் சோலையம்மாள் முதுகில் ஒன்று வைத்தாள்.

“விடு சோலை. அவருக்கு வீட்டுல நாலு சத்தம் கேட்டாத்தான் பிடிக்கும்.” சற்று நிறுத்தி, “இருந்தவரைக்கும்,” என்று ஹெப்சிபா திருத்திக்கொண்டாள். காலையிலிருந்து எத்தனையோ பேர் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு சொல்லில் உள்ளே இறங்கியது. அவள் கரண்டியை விடவில்லை. கஞ்சியை ஊற்றி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அவரை டிராக்டரில் கொண்டுபோனார்கள். கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய குழியிலும் ஊற்று. வாளி வாளியாக இறைத்தும் வற்றவில்லை.

“இம்புட்டுதான் முடியும் டீச்சர். என்ன செய்யட்டும்?” கண்ணுச்சாமி மூச்சு வாங்கினார்.

ஹெப்சிபா குழியைப் பார்த்தாள். கலங்கிய தண்ணீரில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது.

“பரவால்ல. இறக்கிருங்க.”

வீட்டுக்கு வந்தபோது கூடம் முழுக்கச் சேறு. சோலையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு பாட்டம் அழுதுருங்க டீச்சர்,” என்றாள்.

“வர்றப்ப வரட்டும்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹெப்சிபா துடைப்பத்தை எடுத்தாள். சோலையம்மாள் தண்ணீர் ஊற்ற, சேற்றை வாசல் பக்கமாகத் தள்ளத் தொடங்கினாள்.