பக்கத்து அறையில் ஆள்

நடத்தைப் பொருளாதாரத் துறையில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். கேட்காமலே வாயைத் திறப்பாள், திறந்தால் லேசில் மூடமாட்டாள். அன்று மட்டும் சும்மா இருந்திருந்தால் பட்டம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும்.

அவள் ஆய்வுக்கான சோதனை இதுதான். மனிதர்களுக்கு எவ்வளவு சுயநலம் என்று பார்க்கவேண்டும். வருகிறவர் முன்னால் பத்துப் பை மணிகளை வைப்பார்கள். நிறம் நிறமாகப் பிரிக்கவேண்டும். கண் பூத்துப்போகும், இடுப்பு ஒடியும். எத்தனை பையைத் தானே பிரிப்பது, எத்தனையைப் பக்கத்து அறையில் இருப்பவர் தலையில் கட்டுவது என்று அவரே முடிவு செய்யலாம்.

பக்கத்து அறையில் யாருமே இல்லை. சிக்கல் அங்கேதான்.

"ஆள் இருக்குன்னு சொல்லிடும்மா. ஒவ்வொருத்தருக்கும் ஜோடிக்கு இன்னொரு ஆளை நான் எங்க போய்ப் பிடிப்பேன்?" என்றார் பேராசிரியர்.

"பொருளாதாரச் சோதனையில பொய் சொல்லவே கூடாதுன்னு முதல் வகுப்புல நீங்கதானே சார் சொன்னீங்க? ஒருதடவை ஏமாந்தவன் அப்புறம் நம்மள நம்பவே மாட்டான்னு..."

"பரீட்சைக்குப் படிச்சதையெல்லாம் இங்க ஒப்பிக்காத. உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுறது யாரு?"

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எதுக்குடி வம்பு? தலையை ஆட்டிட்டு பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு," என்றாள் அக்கா.

அக்கா சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னால்தான் கிடைக்கும் என்றால் அது என்ன பெரிய பட்டம்!

மறுநாள் முதல் ஆள் வந்து உட்கார்ந்ததும் பேராசிரியர், சொல்லு என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"இப்ப ஆள் இருக்கு சார். நீங்க தாராளமா சொல்லுங்க."

வந்தவர்கள் கொஞ்சமும் ஈவிரக்கம் காட்டவில்லை. எட்டுப் பை, ஒன்பது பை. ஒரு புண்ணியவான் பத்தையும் தள்ளிவிட்டான். அவள் அத்தனை பேரையும் வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள், திட்டிக்கொண்டே பிரித்தாள்.

சாயங்காலம் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். மேசையிலும் தரையிலும் பைகள் குவிந்து கிடந்தன.

"பாத்தியா? இவனுங்களுக்காகவா என்கிட்ட மல்லுக்கு நின்ன?"

"சுயநலக்காரங்கதான் சார். அதுக்காக நாம ஏமாத்தலாமா? நீங்க கையெழுத்துப் போடுங்க, போடாம விடுங்க. நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் அவள், அடுத்த பையை அவிழ்த்துக்கொண்டே.