அரைக் கட்டங்கள்

கோவளத்தில் மீன் விற்கும் செங்கம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. உள்ளங்காலில் வந்த புண் ஆறுவேனா என்றது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் கேசவன் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மீன் தோலிலிருந்து செய்த மெல்லிய தாளைப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினால் ஆறுமா என்பதுதான் அது.

“மீனு வித்த காலுக்கு மீனே மருந்தா! நல்லா கீது தம்பி கூத்து!” என்று சிரித்தபடி அவளும் சேர்ந்தாள்.

வாராவாரம் புண்ணின் ஓரத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்து, அதைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்து எண்ணுவான். பாதிக்கு மேல் நிரம்பிய கட்டத்தையும் ஒன்றாக எண்ண வேண்டும் என்பது விதி. நாலு வாரத்தில் புண் பாதியாகாவிட்டால் ஆளைச் சர்ஜனிடம் அனுப்பிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி.

முதல் வாரம் அறுபது கட்டம். நாலாம் வாரம் நாற்பத்திரண்டு.

ஏற்கெனவே மூன்று பேர் இப்படிக் கழன்றுபோயிருந்தார்கள். நாலாவது ஆளும் புண் ஆறாமல் போனால் ஆராய்ச்சியையே மூட்டை கட்ட வேண்டியதுதான். கேசவன் மறுபடி எண்ணினான். இந்தத் தடவை ஓரத்து அரைகுறைக் கட்டங்களை விட்டுவிட்டான். இருபத்தொன்பது வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது தேவலாம். இந்தப் பாவி கட்டம் கட்டமாக மறைத்தான்.

“எத்தினி தம்பி?”

“இருபத்தொம்பதும்மா. பாதிக்குக் கீழ வந்திடுச்சு.”

“அப்போ சர்ஜன்கிட்ட போவ வேணாமா?”

“வேணாம்மா.”

பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் அதைச் சொல்லிக்கினு போனாளாம்.

ஆறாம் வாரம் காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீழ் எலும்புக்குள் இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். “ரெண்டு வாரம் முந்தி வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்” என்றார் சர்ஜன், பொதுவாகத்தான். கேசவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நான்காம் நாள், ஆராய்ச்சியிலிருந்து அவளை விலக்கும் படிவத்தோடு அவள் கட்டிலருகே போய் நின்றான். இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாடிப்படி முழுக்க மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

“இன்னா தம்பி, மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கிற?” செங்கம்மாள் முந்திக்கொண்டாள். “நீ ஒழுங்காத்தான் எண்ணுன. நாந்தான், பாதிக்கு மேல ஆறிப்போச்சேன்னு, நடக்காதேன்னு நீ சொன்னதயும் கேக்காம ரெண்டு நாளு கூடைய தூக்கிகினு போயிட்டேன். உன் பரீட்சைய கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ.”

அப்பாடா என்றது அவன் நெஞ்சு. சே! ஒரு கால் போய்க் கிடக்கிறவள் முன்னால் அப்படி ஒரு நிம்மதி வந்ததே என்று வெட்கத்தில் காது சுட்டது. படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்துக்குப் பேனா தானாகப் போனது. ‘நோயாளி அறிவுரையை மீறி நடந்தார்’ என்று எழுதினான். அப்படி விலகுகிறவர் ஆராய்ச்சியின் தோல்விக் கணக்கில் சேர மாட்டார்.

“கைநாட்டு வெக்கணுமா?” என்று அவளே கட்டைவிரலை நீட்டினாள். அவன் மையைத் தடவினான். அவள் அந்த வரிக்குக் கீழே நன்றாக அழுத்தி வைத்தாள்.

“இப்போ உன் படிப்புக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே, தம்பி?”

“இல்லம்மா” என்றான் கேசவன்.