ஈஸ்வரி ஏறிய மேடு

‘நிறுத்துங்க’ என்று வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் மட்டும் சொன்னேனா, இன்றுவரை தெளிவில்லை. நடந்ததில் பாதியை நானே பின்னால் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

என் மனைவி ஈஸ்வரிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக வெண்ணாற்றுக் கரையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். வேதாரண்யத்தில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தபோது, நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் டாக்டர் சான்றிதழ் தரவேண்டும் என்றார்கள். இ.சி.ஜி.யில் ஏதோ சின்ன மாறுதல். டிரெட்மில் டெஸ்ட்டில் தேறினால்தான் கையெழுத்து என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

டெஸ்ட்டுக்குத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனோம். ஆபத்தில்லாத ஒரு சிறு குறை தென்பட்டு, அவள் ஓடாமல் வீட்டோடு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

டெக்னீஷியன் அனீஸா அவள் மார்பிலும் தோளிலும் ஒயர்களை ஒட்டினாள். பெல்ட் நகர்ந்தது. ஈஸ்வரி ஒரே கோட்டில் அடிமேல் அடி வைத்தாள்.

“இவ்ளோ அகலம் கெடக்குதேக்கா, ஏன் கயித்து மேல நடக்கிற மாதிரி நடக்குறீங்க?”

“வரப்புல நடந்த காலும்மா. அகலத்தப் பாத்தாதான் பயமாருக்கு.”

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடின. எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். பத்தாவது நிமிடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“முடியலன்னா சொல்லிடுங்க,” என்றார் டாக்டரம்மா. “துடிப்பு நூத்தி நாப்பத்தாறு வரணும். இப்ப நூத்தி முப்பத்தெட்டு.”

அவளுடைய வலது கை பிடியை விட்டுத் தலைக்கு மேல் போனது. நாற்றுக்கட்டைச் சுமந்து சேற்றிலிருந்து வரப்பேறும்போது அப்படித்தான் பிடிப்பாள். இப்போது தலையில் ஒன்றுமில்லை. தோளில் இருந்த ஒயர் பிய்ந்தது. திரையில் அலைகள் படுத்து வெறும் கோடாயின.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். நினைத்தது பலித்துவிட்டது என்றுதான் அந்த ‘நிறுத்துங்க’ வந்தது, வாயிலோ மனதிலோ.

“என்னங்க, நான் நடந்துகிட்டுதானே இருக்கேன்?” என்றாள் ஈஸ்வரி, திரும்பாமலே.

அனீஸா பெல்ட்டின் ஓரத்தில் நின்றபடியே ஒயரை ஒட்டினாள். “தலையில என்னக்கா?”

“நாத்துக்கட்டு.”

“அத மொதல்ல எறக்கி வைங்க!”

அலைகள் எழுந்தன. நூற்று நாற்பத்தாறு. “போதும்,” என்றார் டாக்டரம்மா.

“இன்னும் ஒரு நிமிஷம் டாக்டர்.” அந்த நிமிடத்தையும் அவள் ஏறி முடித்தாள்.

தாளைப் புரட்டிப் பார்த்தவர் கையெழுத்துப் போட்டார். “ஒண்ணுமில்ல. தாராளமா ஓடுங்க.”

வெளியே வந்து நடக்கும்போது சொன்னேன்: “நீ தேறக்கூடாதுன்னு நெனச்சேன்.”

“தெரியும். பஸ்ஸுலயே மூஞ்சி சொல்லிச்சு. பசிக்குது, தோசை வாங்கிக் குடுங்க.”

வேதாரண்யத்தில் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடத்தில் ஓடி முடித்தாள். அவள் வயதுப் பெண்கள் ஒன்பது பேரில் மூன்றாவது. கடைசி மூன்று கிலோமீட்டர் நான் சைக்கிளில் கூடப் போனேன். டாக்டரம்மா அதே இடத்தில் இருக்கிறார். அனீஸா கல்யாணமாகி நாகப்பட்டினம் போய்விட்டாள். ஈஸ்வரி அடுத்த வருட ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் தினமும் ஆற்றங்கரையில் நடக்கிறேன், ஓடுவதில்லை.