பிச்சிக்கு ஒரு டிரெய்லர்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் தொடங்கியது. அங்கே நீல மையில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், கீழே இரண்டு முறை அடிக்கோடிட்ட ‘66,000’. கையெழுத்து யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுதத் தைரியம் வராது.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

திண்டுக்கல் ரோட்டில், பட்டப்பகலில், கால்சலங்கை கட்டிய ஒரு வெள்ளைக் குதிரை —

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் குதிரையைத்தான் பார்ப்பீர்கள். பணத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசித்து யோசித்தே கெட்ட கதை இது. இரண்டாவது தொடக்கம் சுமார்தான், ஆனாலும் இருக்கட்டும்.

2

வில்லாபுரம் ராஜகுருவுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது தொழில். வெள்ளைப் பெண்குதிரை பிச்சி, செம்பழுப்பு ஆண்குதிரை துரை, இரண்டுதான் சொத்து. மண்டபம் எங்கே இருந்தாலும் காசிமாயன் ஓட்டும் குட்டியானையில்தான் குதிரை போகும்.* ஏற்றும்போதெல்லாம் பிச்சி நடுங்கும். ராஜகுரு அதன் காதருகே சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்வான், அதற்கப்புறம்தான் காலை எடுத்து வைக்கும். வெளியில் அவன் பேசுவதெல்லாம் மதுரைத் தமிழ். வீட்டு மொழி மனைவி தேவிகாவுக்கும் பிச்சிக்கும் மட்டும்.

(* குட்டியானை என்பது சின்னச் சரக்கு வண்டி. குதிரை யானை மேல் போகிறது என்று தெருவே கிண்டலடிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.)

இந்தச் சித்திரையில், பரவையில் இருக்கும் உக்கிரபாண்டியின் பட்டறைக்கு ஒரு குதிரை டிரெய்லர் விற்பனைக்கு வந்தது. மூடிய கூடு, குதிரை ஏறி இறங்கத் தாழ்வான சாய்பலகை, உள்ளே பக்கமெல்லாம் மெத்தை, தரையில் ரப்பர். ராஜகுருவின் பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். விலை மூன்றரை லட்சம். கையில் ஒன்றரை இருந்தது. மீதிக்கு ஃபைனான்ஸ் கிடைக்கும்.

ராஜகுரு கூட்டுக்குள் ஏறி, குதிரை நிற்கிற இடத்தில் தானே நின்று பார்த்தான்.

“என்னண்ணே, டிரெய்லரு குதிரைக்கா, உங்களுக்கா?” என்றான் காசிமாயன்.

“இதுல ஏத்துனா பிச்சி நடுங்கமாட்டாடா” என்றான் ராஜகுரு. இறங்க மனசில்லாமல்தான் இறங்கினான்.

3

இங்கே மெர்வின் வருகிறார். மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து ரூபாய்க்கும் ரசீது கேட்கிற ஆள். தெருவில் யார் கடன் வாங்கினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

“லோனு வேணாம்ப்பா. ரெண்டு லட்சத்துக்கு மூணு வருசத்துல வட்டி மட்டுமே அறுபத்தாறாயிரம். ஆடியில கல்யாணம் உண்டா? மார்கழியில உண்டா? தவணைக்காரன் பஞ்சாங்கம் பாத்தா வருவான்? ஆனி வரைக்கும் பொறு. இருபது முகூர்த்தம் இருக்கு. ரொக்கமா வச்சு எடுத்துட்டு வா.”

“அதுவரைக்கும் குட்டியானைதானா சார்?”

“இம்புட்டு வருசம் அதுலதான போச்சு?”

[மெர்வினை நாலு முறை திருத்தினேன். ஒருமுறை கஞ்சனாக, ஒருமுறை குதிரை என்றாலே பிடிக்காதவராக. ஒட்டவே இல்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பது தொந்தரவாக இருந்தது.]

அதுவரை எழுதியதை ஆனிமேரியிடம் கொடுத்தேன். என் மனைவி மூன்றாம் பகுதியில் நிறுத்தினாள்.

“யாரு இந்த மெர்வின்?”

“கதையில வர்ற ஆளு.”

“நம்ம சாப்பாட்டு மேசையில உக்காந்து அந்தத் தம்பிக்குக் கணக்குப் போட்டது இவருதானாக்கும்? நாந்தான காப்பி கொண்டாந்து வச்சேன்.”

மெர்வினை எடுத்துவிட்டேன். கணக்குப் போட்டவன் நான், ஞானமுத்து. அந்த நீல மை என்னுடையது. நேற்றுக்கூடச் சரிபார்த்தேன், கணக்கில் பிழை இல்லை.

4

ஆனி மாதம், பதினாறாவது முகூர்த்தம். பரவைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு பஸ் குறுக்கே ஒடித்துத் திரும்ப, காசிமாயன் பிரேக் அடித்தான். பிச்சியின் முன்னங்கால் பக்கப்பலகைக்கு மேல் போய் மாட்டி முறிந்தது. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது ஒட்டாது, வலியோடு வைத்திருக்க வேண்டாம் என்றார். ராஜகுரு சலங்கையைக் கழற்றினான். பிறகு அதன் காதருகே குனிந்து,

[இங்கே அவன் சொன்னது வர வேண்டும். எனக்கு அந்த மொழி தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை.]

ஊசி போட்டார்கள். மண்டபத்திலிருந்து மூன்று முறை போன் வந்தது, குதிரை வருமா வராதா என்று. மாப்பிள்ளை காரில் போனார்.

செய்தி கேட்டு உக்கிரபாண்டி பட்டறையிலிருந்து அந்த டிரெய்லரையே ஒரு ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சாய்பலகையை இறக்கி, எட்டுப் பேர் தார்ப்பாயோடு இழுத்து ஏற்றினார்கள். வாடகை வாங்கவில்லை. பிச்சி அதில் போனது அந்த ஒரு முறைதான்.

நான் என் வீட்டு கேட்டில் நின்றிருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கிய ராஜகுரு, “வெயில்ல நிக்காதீங்க சார்” என்றான். அவன் திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அ) சித்திரையிலேயே லோன் போட்டு டிரெய்லர் எடுக்கிறான். ஆடியில் தவணை தவறுகிறது. ஃபைனான்ஸ் ஆள் வாசலில் நின்று கத்துகிறான். தேவிகா வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாள். “நீங்களாச்சும் தடுத்திருக்கக் கூடாதா சார்?” என்று ராஜகுரு என்னைத் திட்டுகிறான். பின்னால் கொட்டகையில் பிச்சி புல் தின்றுகொண்டிருக்கிறது.

நான் பயந்த முடிவு இதுதான். இதற்காகத்தான் அவனைக் காத்திருக்கச் சொன்னேன்.

ஆ) டிரெய்லரில் போயிருந்தாலும் அந்தப் பஸ் வந்து, பிச்சி எப்படியும் —

இல்லை. இது என் சமாதானத்துக்காக எழுதியது. விட்டுவிடுகிறேன்.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ராஜகுரு வந்துவிட்டான். ஆடி கடைசி வெள்ளி இன்று. அதே மேசை, அதே நாற்காலி.

“அந்த டிரெய்லரு இன்னும் அங்கதான் நிக்குது சார். துரைக்கு எடுக்கணும். டாக்டர் செலவு, அட்வான்சு திருப்பிக் குடுத்ததுலாம் போகக் கையில ரெண்டரை இருக்கு. இப்பவே லோனு போடவா? ஒத்தைக் குதிரை வருமானம். தவணை தப்புனா துரையத்தான் விக்கணும். இல்ல, கார்த்திகை வரைக்கும் பொறுத்து ரொக்கமா எடுக்கவா? ஆவணி பத்துல மொத முகூர்த்தம், திருமங்கலத்துல.”

“என்கிட்டயா கேக்குற?”

“உங்களுக்குக் கணக்குல தப்பு வராதுல்ல சார்.”

நக்கல் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். திருமங்கலத்துப் பத்திரிகையைப் பின்பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்து, பேனாவை என்னிடம் நீட்டுகிறான். ஆனிமேரி காப்பியை வைத்துவிட்டுப் போகாமல் நிற்கிறாள்.

நான் இன்னும் பேனாவை வாங்கவில்லை. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். யோசித்து எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அவன் அப்படியே நம்பிவிடுவான்.