ரொட்டியின் முதல் மூலை

மகள் அபி ஒரு வாரமாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சுதாகரிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது: அவன் சமையல். மனைவி தீபா, கண் ஆபரேஷன் ஆன அம்மாவைப் பார்த்துக்கொள்ள அம்மையார்குப்பம் போயிருந்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு இடுப்பில் பாவாடை நிற்க மறுத்தது. தீபா திரும்பி வந்ததும் முதலில் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்புறம் அவனைப் பார்ப்பாள்.

அப்போதுதான் நைனா ரொட்டி ஞாபகம் வந்தது. நைனா என்று அவர்கள் கூப்பிட்ட, செத்துப்போன அப்பா பரசுராமன் சின்ன வயதில் அவனுக்கும் அக்காவுக்கும் செய்து கொடுத்தது. இரண்டு பிரெட் துண்டு, நடுவில் நெய், சர்க்கரை, வறுத்து இடித்த வேர்க்கடலை. லுங்கித் துணியில் முடிந்து, வீட்டுக்குள் ஓடுகிற விசைத்தறியின் மோட்டார் மேல் வைத்துவிட்டால் மெத்தென்று சூடேறி ஒட்டிக்கொள்ளும். அதே தறியைத்தான் இப்போது சுதாகர் ஓட்டுகிறான். அளவு கேட்க, புத்தூரில் இருக்கும் அக்கா பானுப்ரியாவுக்குப் போன் போட்டான்.

"எல்லாம் சரிடா. மொத மூலைய பிச்சி தறிக்கி அடியில வெச்சிடு."

"இன்னாத்துக்கு?"

"நைனா வெப்பாரு. நானும் வெச்சிகினுதான் இருக்கேன்."

"பாவாதான் தறியெல்லாம் வித்துட்டாரே?" அக்கா புருஷனைச் சொன்னான்.

"வாஷிங் மெஷினுக்கு அடியில வெக்கிறேன். எது ஓடுதோ அதுக்கு வெக்கணும், அவ்ளோதான்."

"எறும்பு மொய்க்காதா?"

"மொய்க்காதுடா. அதான் எனக்கும் புரியல."

சுதாகர் பி.காம். படித்தவன். தறியில் நீளவாக்கில் ஏற்றிய, கஞ்சி போட்ட பாவு நூலுக்குப் பக்கத்தில் சர்க்கரையைக் கொண்டுபோய் வைப்பது வணிகவியலுக்கு ஒத்துவராது என்று முடிவு செய்து, நாலு மூலையும் குறையாமல் ரொட்டியை மகளிடம் கொடுத்தான். அபி விரலைக்கூட நக்கினாள். அவன் அதைப் போட்டோ எடுத்து தீபாவுக்கு அனுப்பினான்.

மறுநாள் மோட்டார் மேலிருந்து எடுத்து முடிச்சை அவிழ்த்தபோது ரொட்டியில் ஒரு மூலையைக் காணோம். எலி என்று சொல்லிக்கொண்டான். துணியைக் கடிக்காத, முடிச்சைக் கலைக்காத, நாகரிகமான எலி. அதற்கு மறுநாள் பாதி ரொட்டி இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் எலிப்பொறி வாங்கி வந்தான். பொறி பட்டினி கிடந்தது.

"எனக்கு இவ்ளோதானா?" என்றாள் அபி.

"எலி துன்னுட்சிம்மா."

"எலி இல்லப்பா. அதுக்குப் பசிக்கிதாம்."

"எதுக்கு?"

அபி பக்கத்து வீட்டைக் காட்டுவதுபோல் சாதாரணமாகத் தறியைக் காட்டினாள்.

அடுத்த நாள் துணிக்குள் ஒரு துகள்கூட இல்லை. முடிச்சு மட்டும் அவன் போட்டபடியே இருந்தது. தோசைக்கல்லில் இன்னொரு ரொட்டி சுட்டு மகள் கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனான். மலைமேல் கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. கை துடைத்துக்கொண்டு வந்தவன் தறி இருக்கும் அறையின் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

அபி குப்புறப் படுத்திருந்தாள். பிய்த்த மூலையைப் பிடித்த கை, ஓடுகிற தறிக்கு அடியில் முழங்கை வரை போயிருந்தது. இரும்புக் கம்பிகள் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தன. சுவிட்சு எதிர்ச் சுவரில். கத்தினால் பிள்ளை கையை வெடுக்கென்று தூக்கும்.

டக்.

தறி நின்றது. பாய்ந்துபோய் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். விரலெல்லாம் இருந்தது. ரொட்டி மூலைதான் இல்லை.

"நல்ல நேரத்துல கரண்ட் போச்சி," என்று சத்தமாகவே சொன்னான்.

கழுத்து வியர்வையில் காற்று பட்டுச் சில்லிட்டது. நிமிர்ந்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு கஜபதியின் தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எதிர்ச் சுவரில் சுவிட்சு போட்டபடியே இருந்தது.

சுதாகர் மகளை இறக்கிவிடவில்லை. ஒரு கையால் அவளை இறுக்கிக்கொண்டு, தரையில் கிடந்த ரொட்டியிலிருந்து இன்னொரு மூலையைப் பிய்த்தான். மண்டிபோட்டு, நைனா வைப்பார் என்று அக்கா சொன்னபடியே, தறிக்கு அடியில் தள்ளினான்.

தறி ஓடத் தொடங்கியது.

"அப்பா," அபி அவன் காதுக்குள் சொன்னாள், "சக்கர கம்மியாம்."

சுதாகர் குனிந்து பார்க்கவில்லை.

"எவ்ளோ போடணுமாம்?" என்று கேட்டான்.