சொன்னால் செய்பவன்

நவம்பர் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை தொடங்கிய தூறல் விட்டபாடில்லை.

மருந்துக்கடையில் பணிபுரியும் அவள், அன்று முதல் கணவனுக்கு எதையும் நினைவூட்டுவதில்லை என உறுதிபூண்டாள். லிஃப்ட் பழுதுபார்ப்பவனாகிய அவன் சோம்பேறி அல்லன். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்பவன். சொல்லாவிடிலோ, ஒரு துரும்பையும் அசைக்கமாட்டான். கேட்டால், "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?" என்பான். கேஸ் தீர்வது, மகளின் தடுப்பூசி, மாமியாரின் கண்மருந்து யாவும் அவள் தலையிலேயே குடியிருந்தன.

மாலை வரை வாயைக் கட்டியவளால் மனத்தைக் கட்ட இயலவில்லை. கடையிலிருந்து அழைத்தாள்.

"நம்ம வாலுப்பொண்ணு எங்க?"

"ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தாச்சு. துணியை மடிச்சு வச்சாச்சு. அம்மாவுக்குச் சொட்டு மருந்தும் விட்டாச்சு."

அவளுக்குக் கண்கள் பனித்தன. "நீங்களாவா?"

"நல்லா இருக்கே! நீதானே ஒண்ணொண்ணா சொன்னே? சமையலறையில நின்னுக்கிட்டு எதுக்கு போன் பண்றே?"

அப்பொழுது அவனுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சொந்தக் குரலே கேட்டது: "ஏங்க, யார்கிட்ட வெட்டிப் பேச்சு? வைங்க."

இணைப்பு அறுந்தது. குடையை மறந்து வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவன் அவளைக் கண்டதும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வீடு துடைத்துவைத்தாற்போல் இருந்தது. மகளுக்கு இரட்டைப் பின்னல், அவள் எடுக்கிற அதே வகிடு. சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை.

"நீ இங்க நிக்கிறே... அப்ப உள்ள யாரு?" என்றான். "என்ன செய்யணும்? சொல்லும்மா."

'அவளை வெளியே அனுப்பு' என்ற சொல் அவள் நாநுனி வரை வந்தது. ஆனால் சொல்வதற்கு உள்ளே ஒருத்தி இருக்கிறாளே! தானும் சொன்னால், தனக்கும் அவளுக்கும் என்ன வேற்றுமை? ஒரே ஒரு முறை, தாலி கட்டியவன் தானாகவே தன் மனைவியை அறிந்துகொள்ளட்டும். அந்தச் சொல்லை விழுங்கினாள். நனைந்த கையை மட்டும் அவன்பால் நீட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பற்றவா, வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தான்.

உள்ளிருந்து குரல் வந்தது: "ஏங்க, சாரல் அடிக்குது. கதவைச் சாத்துங்க."

"இதோ" என்றான் அவன், பாரம் இறங்கினவன்போல்.

வெளியே நின்ற அவள் முன் தாழ்ப்பாள் விழுந்தபொழுது மணி ஆறு பன்னிரண்டு.